பழைய 1060-ஐக் கழற்றும் முன்

பூதிகோட்டையில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். தினமும் பங்காருபேட்டையில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவன். வீடு வந்து சேர்ந்த பிறகு இரவில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் கேம் ஆடுவது ஒன்றுதான் அவன் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கும் நேரம். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்த பணம் கையில் இருந்தது.

"மாமா, என் டென் சிக்ஸ்டியை எடுத்துட்டு ஃபார்ட்டி சிக்ஸ்டி போட்டா எவ்ளோ வித்தியாசம் தெரியும்?" என்றான்.

"எந்த கேமுக்கு? எந்த ப்ராசஸர்? மானிட்டர் என்ன?" என்று கேட்டேன்.

"நீங்க கார்டைப் பத்தி மட்டும் சொல்லுங்க மாமா."

கார்டைப் பற்றி மட்டும் சொல்ல முடியாது என்பதுதான் என் பதில். ஆனால் அவன் கேட்ட வரிசையிலேயே போகிறேன். முதலில் கார்டு, அப்புறம் அது உட்காரப்போகும் பெட்டி.

அவனிடம் இருப்பது என்விடியா ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016 ஜூலையில் வந்த கிராஃபிக்ஸ் கார்டு. உலகம் முழுக்க கேம் ஆடுகிறவர்கள் எந்தக் கார்டு வைத்திருக்கிறார்கள் என்று ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளம் மாதாமாதம் எடுக்கும் கணக்கில் பல ஆண்டுகள் முதல் இடத்தில் இருந்தது இதுதான். 2022 கடைசியில்தான் ஜிடிஎக்ஸ் 1650 அதை முந்தியது. அவன் வாங்க நினைப்பது ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. 2023 ஜூன் மாதம் வந்தது. அதற்குப் பிறகு 2025-இல் 5060-உம் வந்துவிட்டது. ஆனாலும் இவன் கையில் இருக்கும் பணத்துக்கு எட்டுவது 4060 தான்.

கார்டு செய்கிற வேலை என்ன என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். அவனுடைய மானிட்டர் 1920க்கு 1080. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் காட்ட வேண்டும் என்றால் ஒவ்வொரு நொடியும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 16.7 மில்லி நொடி. அதற்குள் சுவர், புல், நிழல், கண்ணாடியில் தெரியும் பிம்பம், புகை எல்லாம் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் படம் தாமதமாகும். நாம் "லேக் ஆவுது" என்கிறோம்.

இந்த வேலை கார்டுக்குள் எப்படி நடக்கிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு மைன்ஸை வைத்துச் சொன்னால் உடனே புரியும். என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அடியில் எத்தனை பேர் பாறை உடைத்தாலும், அதை மேலே தூக்கிக்கொண்டு வரும் கூண்டு எவ்வளவு வேகமாகப் போய் வருகிறதோ அவ்வளவுதான் அன்றைக்கு மில்லுக்குப் போய்ச் சேரும் கல். ஆட்களை இரட்டிப்பாக்கிவிட்டு கூண்டை அப்படியே விட்டால் அடியில் கல் குவியும், ஆள் சும்மா நிற்பார்.

கார்டில் கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்தான் பாறை உடைக்கும் ஆட்கள். என்விடியா அவற்றை கூடா கோர் என்கிறது. தரவை வைத்திருக்கும் இடம் வி-ரேம். அந்த வி-ரேமுக்கும் கோர்களுக்கும் நடுவே ஒரு நொடியில் எவ்வளவு தரவு போய்வர முடியும் என்பது பேண்ட்விட்த். அதுதான் கூண்டு. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிப்பது வி-ரேம் அளவை மட்டும்தான். பேண்ட்விட்த் எவ்வளவு என்பதை நாமாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைப்போம். 1060-இல் 1,280 கோர். 4060-இல் 3,072. பழையதில் கோர்களின் வேகம் சுமார் 1.7 கிகாஹெர்ட்ஸ், புதியதில் சுமார் 2.46. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழையது நொடிக்கு 4.4 லட்சம் கோடி கணக்கு போடும், புதியது 15 லட்சம் கோடி. மூன்றரை மடங்கு என்று சொல்லத் தோன்றும். விளம்பரங்களும் அப்படித்தான் பேசும்.

கேமில் அது மூன்றரை மடங்காக வராது. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே வரும். காரணம் கார்டின் மற்ற பகுதிகள் அதே அளவு வளரவில்லை. உருவங்களின் மேல் துணி போர்த்துவதுபோல் டெக்ஸ்சரை ஒட்டும் அலகுகள் பழையதில் 80, புதியதில் 96. முடிந்த புள்ளிகளைத் திரைக்கான படமாக எழுதிவைக்கும் அலகுகள் பழையதிலும் 48, புதியதிலும் 48. பேண்ட்விட்த் பழையதில் நொடிக்கு 192 ஜிபி, புதியதில் 272. ஆட்கள் இரண்டரை மடங்கு கூடியிருக்கிறார்கள், கூண்டு ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை.

அப்படியானால் எப்படி இரண்டு மடங்குக்கு மேல் ஓடுகிறது? வேகம் கூடியது ஒரு காரணம். இன்னொன்று, சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சின்ன நினைவகம். 1060-இல் அது 1.5 எம்பி. 4060-இல் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தரவை வி-ரேம் வரை போய் எடுக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. கூண்டு ஏறி இறங்க வேண்டிய தடவையே குறைந்துவிடுகிறது. எனக்கு இந்தப் பகுதி எப்போதும் மனதுக்குப் பிடித்தது: பெரிய கூண்டு கட்டுவதற்குப் பதிலாக, கூண்டின் தேவையைக் குறைத்திருக்கிறார்கள்.

சிப்பின் அளவைப் பார்த்தால் இன்னும் வியப்பு. 1060-இன் சிப் 200 சதுர மில்லிமீட்டர், அதில் 440 கோடி டிரான்சிஸ்டர். 4060-இன் சிப் அதைவிடச் சின்னது, 159 சதுர மில்லிமீட்டர். அதற்குள் 1,890 கோடி. ஏழு ஆண்டுகளில் இவ்வளவு நடந்திருக்கிறது. மின்சாரம்? பழையது 120 வாட், புதியது 115 வாட். ஏறக்குறைய அதே கரண்டில் இரண்டு மடங்குக்கு மேல் வேலை. கார்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த ஒப்பீட்டில் புதியது ஜெயிப்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் நடுவில் இருக்கும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2021 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது. இதன் கோர் 3,584, அதாவது 4060-ஐவிட அதிகம். பேண்ட்விட்த் 360 ஜிபி, அதுவும் அதிகம். வி-ரேம் 12 ஜிபி, ஒன்றரை மடங்கு. காகிதத்தில் எல்லாமே கூடுதல், இருந்தும் பெரும்பாலான கேம்களில் 4060 தான் கொஞ்சம் முந்துகிறது. கோர் வேகமும் அந்த 24 எம்பி கேஷும்தான் காரணம். 3060-இல் கேஷ் 3 எம்பி மட்டுமே. அதனால்தான் இரண்டு வேறு தலைமுறைக் கார்டுகளின் கோர் எண்ணிக்கையை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்கிறேன். ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடலாம், தலைமுறை மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது.

வி-ரேம் விஷயத்தில் மட்டும் 3060-இன் கை ஓங்கியிருக்கிறது. ஒரு கேமுக்கு 7 ஜிபி போதும் என்றால் 8 ஜிபி கார்டும் 12 ஜிபி கார்டும் ஒன்றுதான், மிச்சமிருக்கும் இடம் வேகம் தராது. ஆனால் கேம் 9 ஜிபி கேட்டால் 8 ஜிபி கார்டு மீதியை கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் வைத்து, மதர்போர்டு வழியாக இழுத்து இழுத்து எடுக்கும். அப்போது சராசரி எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, பெரிதாகக் குறையாமலே ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். 60 எஃப்பிஎஸ் ஓடும் ஆட்டத்தில் ஒரு படம் மட்டும் 100 மில்லி நொடி எடுத்தால், ஆறு படம் வரவேண்டிய நேரத்தில் ஒரே படம் உறைந்து நிற்கிறது. சராசரியில் இது தெரியாது, கண்ணுக்குத் தெரியும். ஆகவே யூடியூப்பில் ஒப்பீட்டு வீடியோ பார்க்கும்போது சராசரிக்குக் கீழே "1 சதவீத லோ" என்று போடும் எண்ணைப் பாருங்கள். மிக மெதுவாக வந்த படங்களின் கணக்கு அது. சராசரியும் அந்த எண்ணும் ரொம்பத் தள்ளித் தள்ளி இருந்தால் ஆட்டம் கண்ணுக்கு இதமாக இருக்காது.

வேகம் ஒரு பக்கம். பழைய கார்டால் மெதுவாகக்கூடச் செய்ய முடியாத வேலைகள் சில உண்டு. ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்கிடும் ரே டிரேசிங்குக்குத் தனி அலகுகள் 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில்தான் முதலில் வந்தன. 1060-இல் அவை இல்லை. பல ஆண்டுகள் இது ஒரு விருப்பத் தேர்வாகவே இருந்தது, அணைத்துவிட்டு ஆடலாம். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' அதைக் கட்டாயமாக்கியது. 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆட்டமும் அப்படியே. இவற்றுக்கு 1060 போதாது என்று சொல்வதுகூடச் சரியில்லை, அதில் இவை இயங்கவே இயங்கா.

ஒரு கார்டுக்கு வயதாவதை ஒரே கேமை வைத்தே காட்டலாம். 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பரில் வந்தபோது, நன்றாக ஆடுவதற்குப் பரிந்துரைத்த கார்டு இதே 1060, 6 ஜிபி. 2023-இல் அந்த கேமைத் தயாரித்தவர்கள் பட்டியலைத் திருத்தினார்கள். அப்போது இதே கார்டு குறைந்தபட்சத் தேவை என்ற வரிசைக்கு இறங்கிவிட்டது. மூன்றே ஆண்டு. கார்டு மாறவில்லை, கேம் வளர்ந்துவிட்டது.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் முக்கியம். புதிய கேம் வரும்போதெல்லாம் அதற்கேற்றபடி என்விடியா வெளியிடும் கேம் ரெடி டிரைவர் 1060 போன்ற பாஸ்கல் வரிசைக் கார்டுகளுக்கு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். இன்று ஓடுகிற கேம் நாளைக்கும் ஓடும். நாளை வரப்போகும் கேமுக்கு உத்தரவாதம் இல்லை.

அடுத்தது டிஎல்எஸ்எஸ். கார்டு சின்ன அளவில் படத்தை வரைந்து, அதைப் பெரிதாக்கி, விடுபட்ட நுணுக்கங்களை ஊகித்து நிரப்பும் முறை இது. ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும் வேலை செய்யும். உண்மையிலேயே பயனுள்ளது, நான் தயங்காமல் பயன்படுத்தச் சொல்வேன். 1060 வைத்திருப்பவர்கள் ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எஸ்ஆர் என்ற முறையைப் பல கேம்களில் பயன்படுத்தலாம், அது என்விடியா கார்டிலும் ஓடும். தரம் கொஞ்சம் குறைவு.

ஆனால் ஃபிரேம் ஜெனரேஷன் என்பது வேறு. 40 வரிசையோடு வந்தது. கார்டு வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே இன்னொரு படத்தைத் தானே செய்து செருகுகிறது. மீட்டரில் 30 இருந்தது 55, 60 என்று காட்டும். திரையில் அசைவு வழுவழுப்பாகத் தெரியும். நீங்கள் மவுஸை அசைத்ததற்கு கேம் பதில் சொல்லும் வேகம் மட்டும் பழைய 30-லேயே இருக்கும், சில நேரம் அதைவிடக் கொஞ்சம் மெதுவாகவும் இருக்கும். ஏற்கெனவே 60 ஓடுகிறதென்றால் அதை இன்னும் மென்மையாக்க நல்ல கருவி. 25 ஓடுகிற ஆட்டத்தைக் காப்பாற்ற உதவாது. கடையில் காட்டும் எண்ணில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால் அதை அணைத்துவிட்டு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

அவன் கம்ப்யூட்டர் 2017-இல் வாங்கியது. இன்டெல் ஐ5-7400 ப்ராசஸர், நான்கு கோர், நான்கு திரெட். 16 ஜிபி ரேம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். வாங்கும்போது கேபினட்டோடு கொடுத்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை.

கார்டு தானாக எதையும் வரையத் தொடங்காது. எதை எங்கே வரைய வேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் ப்ராசஸர் சொல்லித்தான் ஆக வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதெல்லாம் ப்ராசஸரின் வேலை. நொடிக்கு 45 படத்துக்கான உத்தரவு மட்டுமே ப்ராசஸரால் கொடுக்க முடிந்தால், உலகத்திலேயே விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் 45 தான்.

இது தன் கம்ப்யூட்டரில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை. கேமில் ஒரே இடத்தில் நின்று, 1920க்கு 1080-இல் எவ்வளவு எஃப்பிஎஸ் என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்ற செட்டிங்ஸ் எதையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 1280க்கு 720 ஆக்குங்கள். புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைகின்றன. கார்டின் பாரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. ப்ராசஸரின் வேலை அப்படியேதான் இருக்கிறது. எஃப்பிஎஸ் எகிறினால் இதுவரை தடுத்துக்கொண்டிருந்தது கார்டு. அசையாமல் நின்றால் தடுப்பது ப்ராசஸர். 720-இல் நிற்கும் அந்த எண்தான் உங்கள் ப்ராசஸரின் கூரை. புதுக் கார்டு உங்களை அந்தக் கூரை வரை கொண்டுபோகும், அதற்கு மேல் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டைக்கு நான் போனேன். ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்வோம். எங்களுக்கு அது அக்கா வீடு. இருவரும் உட்கார்ந்து இந்தச் சோதனையைச் செய்தோம். சைபர்பங்க்கில் கூட்டமான ஒரு தெருமுனையில் 1080-இல் 38 எஃப்பிஎஸ். 720-இல் 46. அவ்வளவுதான். இரண்டு மடங்கு வேகமான கார்டு போட்டால் 38 என்பது 76 ஆகும் என்று அவன் மனதில் கணக்கு வைத்திருந்தான். அந்தக் கம்ப்யூட்டரில் அது 46 பக்கம் போய் நின்றுவிடும். அவன் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சேமித்த பணம் முழுவதையும் கொண்டுபோய் எட்டு எஃப்பிஎஸ்ஸுக்குக் கொடுக்க இருந்தவன் அவன்.

இன்னொரு சிக்கலும் அந்த மதர்போர்டில் உண்டு. 1060 மதர்போர்டோடு பேசுவது 16 தடங்களில். 4060-க்கு 8 தடம் மட்டுமே. புதிய மதர்போர்டில் பிசிஐஇ 4.0 என்ற இணைப்பு இருப்பதால் 8 தடமே போதும், நொடிக்குச் சுமார் 16 ஜிபி போகும். 2017 மதர்போர்டில் இருப்பது 3.0. அங்கே அதே 8 தடத்தில் பாதிதான், சுமார் 8 ஜிபி. வி-ரேம் நிரம்பாதவரை இது பெரிதாகத் தெரியாது. நிரம்பி வழிந்தால் அந்தத் திக்கல் பழைய போர்டில் இன்னும் மோசமாகும். ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600-க்கும் இதே 8 தடம்தான். இன்டெல் ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டு, 12 ஜிபி இருக்கிறது. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய போர்டிலும், பலம் குறைந்த ப்ராசஸரோடும் அது தடுமாறும். பழைய பெட்டிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

எஸ்எம்பிஎஸ் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 1060-க்கு என்விடியா பரிந்துரைத்தது 400 வாட், 4060-க்கு 550 வாட். கார்டு எடுப்பது 115 தானே, ஏன் 550 என்று கேட்கலாம். மொத்தக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து, திடீரென ஏறும் பாரத்துக்கும் இடம் விட்டுச் சொல்வது அது. பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் 450 என்று ஒட்டியிருப்பதை நம்பக் கூடாது. கார்டில் 8 பின் கனெக்டர் இருக்கிறதா, உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். 6 பின் ஒயரை ஏதோ ஒரு மாற்றியைப் போட்டு 8 பின்னில் சொருகும் வேலை வேண்டாம். 6 பின் ஒயரின் வரையறை 75 வாட், 8 பின்னுக்கு 150. இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்த்தால் ஒயர் சூடாகி உருகும்.

கோலார் தங்கவயலுக்கு 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான். அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்திலும் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் என்பதால் பலர் யுபிஎஸ் வைத்திருக்கிறோம். வீட்டில் இருக்கும் சாதாரண 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் தாங்குவது 360 வாட். கேம் ஓடும்போது கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டும் சேர்ந்து அதைத் தாண்டினால், கரண்ட் போன நொடியே யுபிஎஸ்ஸும் அணைந்துவிடும். இந்த வகையில் 115 வாட் 4060 நல்லது, 170 வாட் 3060-க்கு யோசிக்க வேண்டும். மின்கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை: 55 வாட் வித்தியாசம், தினம் மூன்று மணி நேரம், மாதம் 5 யூனிட். சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய அறையில் கூடும் சூடுதான் உண்மையில் உறைக்கும்.

பெங்களூர் எஸ்பி ரோடு, அதாவது சாதர் பத்ரப்பா சாலை, கம்ப்யூட்டர் பாகங்களுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் போகும் இடம். நல்ல கடைகள் உண்டு. போகும் முன் பெயர்களைச் சரியாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்கிறார்கள், அதைச் செய்வது கடைக்காரர் இல்லை, தயாரிக்கும் நிறுவனங்களே. 1060-இல் 3 ஜிபி என்று ஒன்று உண்டு. வி-ரேம் மட்டும்தான் குறைவு என்று நினைப்போம்; கோரும் 1,152 தான். 3060-இல் 8 ஜிபி ஒன்று உண்டு; 12 ஜிபி கார்டில் 360 இருக்கும் பேண்ட்விட்த் இதில் 240. மிக மோசமானது ஜிடி 1030. ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதில் பேண்ட்விட்த் 48 ஜிபி, டிடிஆர்4 உள்ளதில் 16.8. பெயர் அதேதான், கூண்டு மூன்றில் ஒரு பங்கு! ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 வாங்கப் போனால் பின்னால் "2048எஸ்பி" என்று இருக்கிறதா பாருங்கள். உண்மையான 580-இல் 2,304 அலகுகள் இருக்கும், 2048எஸ்பி 570-க்கு இணையானது. தெரியாமல் வாங்கிவந்து ஏமாந்த பையன்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு வருடச் சேமிப்பு.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றதும் "மைனிங் கார்டு சார், வேண்டாம்" என்பார்கள். தங்கவயலில் மைனிங் என்றால் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடியதுதான் நினைவுக்கு வரும்; இது கிரிப்டோ நாணயம் எடுப்பது. எத்தீரியம் என்ற நாணயத்துக்காக இந்தக் கார்டுகளை இரவும் பகலும் ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டுகள் தேவையில்லாமல் போய், லட்சக்கணக்கில் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே சிப் செத்துப்போய்விடாது. சீரான பாரத்தில் ஓடிய சிப்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. தேய்வது ஃபேனின் பேரிங், காய்வது தெர்மல் பேஸ்ட், நொந்துபோவது நினைவகச் சிப்புகளின் மேல் இருக்கும் பேட். இவற்றில் முக்கால்வாசி சரிசெய்யக் கூடியவை. வாங்கும் முன் அரை மணி நேரம் பாரம் கொடுத்து ஓட்டிப் பார்க்க விடச் சொல்லுங்கள். ஃபேன் சத்தம் கேளுங்கள், திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறுகின்றனவா என்று பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பெயரும் கோர் எண்ணிக்கையும் சரியா என்று ஒப்பிடுங்கள். பழைய சிப்புக்குப் புதிய பெயர் எழுதி விற்கும் போலி என்விடியா கார்டுகள் பலவற்றை அது கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும். ஓட்டிப் பார்க்க விடாத இடத்தில் வாங்காதீர்கள், எவ்வளவு குறைவாகச் சொன்னாலும். புதிதாக வாங்கினால் பில்லில் கார்டின் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமல் வாரண்டி கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

அக்கா மகன் கடைசியில் கார்டு வாங்கவில்லை. அந்த ஐ5-7400, விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எப்படியும் மாற்ற வேண்டிய பெட்டி. ஆகவே முதலில் ஆறு கோர் ப்ராசஸர் ஒன்று, பிசிஐஇ 4.0 உள்ள போர்டு, நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்று வாங்கி, பழைய 1060-ஐயே அதில் மாட்டினோம். மாட்டும் முன் ஃபேனில் ஒன்பது ஆண்டுத் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட்டை மாற்றினான். தெருமுனையில் 38 இருந்தது 41 ஆனது. பெரிய மாற்றமில்லை, ஏனென்றால் இப்போது தடுப்பது கார்டு. ஆனால் முன்பு அடிக்கடி வந்த திக்கல் போய்விட்டது. 720-க்கு மாற்றிப் பார்த்தான். 79.

"இப்ப கூரை மேல போயிடுச்சு மாமா" என்றான்.

பொங்கலுக்குள் கார்டுக்கும் சேர்த்துவிடுவேன் என்கிறான். அப்போது 1060 அவன் தங்கையின் கம்ப்யூட்டருக்குப் போகும். அவள் வாலரண்ட் ஆடுகிறாள். 144 எஃப்பிஎஸ்ஸுக்கு அந்த கேம் கேட்பது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ தான். அவளுக்கு இந்தக் கார்டு இன்னும் நாலைந்து வருடம் ஓடும்.